பனிச்சரிவில் நான் துடைத்த கிளைகள்

எங்கள் ஸ்டூடியோவில் செத்துப்போன ஆண்கள் எல்லோரும் கோட் போட்டிருப்பார்கள். உயிரோடு இருந்தபோது கைலியும் பனியனுமாகத் திரிந்தவர்கள்தான். வீட்டார் ஒரு பழைய அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து, மாலை போட்டு மாட்டுவதற்குப் பெரிதாக்கித் தரச் சொல்வார்கள். நான் கழுத்துக்குக் கீழே வெட்டிவிட்டு ஒரு கறுப்புக் கோட்டைப் பொருத்துவேன். வெற்றிலைக் கறை, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே கறுப்பு எல்லாவற்றையும் துடைத்து எடுப்பேன். யாங்கோனில், எங்கள் தாகேதாவில் இந்த வேலையை என்னைப்போலச் சுத்தமாகச் செய்ய ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வதுண்டு. அடுத்தவர் சொல்லட்டும் என்று காத்திருந்தால் ஆயுள் போய்விடும்.

இருபது வருஷம் இப்படித் துடைத்துத் துடைத்து, படத்தில் ஒரு புள்ளியைக் கண்டால் கை சும்மா இருக்காது. அந்தக் கைதான் என்னை மாட்டிவிட்டது.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, பர்மியப் பெண், வேலைக்காகச் செக் நாட்டுக்குப் போனாள். மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர், கண்ணாடிச் சாமான் செய்யும் தொழிற்சாலை. எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். அந்த அம்மாள்தான் ஊரின் பனிச்சறுக்குச் சங்கத்துச் செயலாளர். ஊரில் பனிச்சறுக்குப் பலகை கட்டிக்கொண்டு தாவுவதற்காகக் காலம் காலமாகக் கட்டிய மேடைகளின் வரலாற்றை, படமும் எழுத்துமாகப் பெரிய பலகைகளில் அச்சடித்து மலைப்பாதையில் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய ஆசை. படங்கள் எல்லாம் பழசு. சில கண்ணாடித் தகட்டில் எடுத்தவை. நம் பெண் சும்மா இருப்பாளா? "எங்க தெருவுல ஒரு அமா இருக்காங்க, செத்தவங்களையே எழுப்பி உக்கார வைப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். பர்மிய மொழியில் அமா என்றால் அக்கா.

பனித்தாவல் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. வீடியோ அனுப்பினாள். ஆளைவிட நீளமான இரண்டு பலகைகளைக் காலில் மாட்டிக்கொண்டு ஒருவன் உயரமான கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறான். சறுக்கி வந்து, விளிம்பில் எம்பி, காற்றில் குப்புறக் கிடந்தபடியே பறந்து, கீழே சரிவில் காலூன்றுகிறான். தூரமாகப் போனவன் ஜெயித்தான். நான் அதை அப்படியே கியாக்தானில் இருக்கும் என் அக்காவுக்கு அனுப்பினேன். "பெத்தவங்க பாத்துக்கிட்டு சும்மாவா நிக்கிறாங்க?" என்று கேட்டாள்.

நாற்பத்துச் சொச்சம் படங்கள். இணையத்தில் ஒரு பொதுப்பெட்டியைத் திறந்து அந்தப் பெண் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து போட்டிருந்தாள். நான் வரிசையாகத் திறந்து பார்த்தேன். முதலில் ஒரு விவசாயி வீட்டின் பின்புறச் சரிவு. மரக்கட்டைகளை அடுக்கி, மேலே பனியை வாரிக் கொட்டித் திண்டுபோல் ஆக்கியிருந்தார்கள். அதிலிருந்து குதிப்பவர்கள் நிஜமாகவே கோட்டும் டையும் தொப்பியுமாக இருந்தார்கள். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று சிரித்தேன். அடுத்தது மரக் கோபுரம். நம் ஊரில் பகோடாவுக்குப் பொன் பூச மூங்கில் சாரம் கட்டுவார்களே, அந்த மாதிரி, ஆனால் முழு மரங்களில். தச்சர்கள் ஒவ்வொரு தட்டிலும் நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு சில வருஷங்களுக்குப் படமே இல்லை. போர் என்று மட்டும் எழுதியிருந்தது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

மறுபடியும் அதே மரக் கோபுரம், ஒட்டுப்போட்டு. பிறகு புயலில் அது விழுந்து கிடக்கும் படம், அதன் மேல் பிள்ளைகள் உட்கார்ந்து ரொட்டி தின்கிறார்கள். அதற்குப் பிறகு இரும்பில் ஒன்று, பக்கத்து மலையில், இரண்டு மடங்கு உயரம். கோடைக்காலத்திலும் பழகுவதற்குச் சரிவு முழுக்கப் பச்சை நிற பிளாஸ்டிக் பாய் விரித்துத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். கடைசிப் படங்களில் பனி குறைந்துகொண்டே வந்தது. இரும்புக் கோபுரத்தைச் சுற்றி மரம் வளர்ந்துவிட்டது. இப்போது பிள்ளைகள் பழகும் ஒரு சின்ன மேடை மட்டும் இருக்கிறதாம். ஒரு ஊர் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டே இருந்ததைப் பார்க்க எனக்கு அந்த ஊரைப் பிடித்துப்போயிற்று. என்னைப்போல் பிடிவாதம் பிடித்த ஊர்.

வேலையை ஆரம்பித்தேன். எங்கள் வார்டில் மின்சாரம் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போகும், சில நாள் வருவதைப்பற்றி நினைக்கவே கூடாது. அதனால் என் வேலைமுறை எப்போதும் ஒன்றுதான். ஒரு படத்துக்கு ஒரு கோப்பு. அசல் தனி, திருத்தியது தனி என்று வைத்துக்கொள்வதில்லை. திருத்தியதை அசலின் மேலேயே உடனே சேமித்துவிடுவேன். கரண்ட் போய்க் கம்ப்யூட்டர் பொத்தென்று அணைந்தால் செய்தது மிஞ்ச வேண்டுமே. இந்தப் படங்களையும் பொதுப்பெட்டியிலேயே, அதே பெயரில், மேலே மேலே சேமித்தேன்.

பனி தெரிந்த எல்லாப் படத்திலும் சரிவின் வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. சில இடங்களில் சிதறலாக, சில இடங்களில் வரிசையாக. எனக்குச் சந்தேகமே வரவில்லை. யாங்கோன் மழைக்குப் பூஞ்சை பிடிக்காத ஆல்பம் எந்த வீட்டில் இருக்கிறது? வைகாசியில் மூடிய பெட்டியை ஐப்பசியில் திறந்தால் கல்யாணப் பெண்ணின் முகத்தில் இப்படித்தான் கறுப்புப் பொட்டாகப் பூத்திருக்கும். அந்த ஊரிலும் பூஞ்சை இருக்கிறது என்று ஓர் ஆறுதல்கூட வந்தது. ஒரு புள்ளி விடாமல் துடைத்தேன். மரக் கோபுரத்துப் படம் ஒன்றில்தான் அதிகம். ஒருவர் சரிவில் இறங்குகிற கணம், அவரைச் சுற்றி ஒரே புள்ளி. அதற்கு மட்டும் மூன்று நாள் பிடித்தது. முடிந்தபோது சரிவு சலவை வேட்டியாக இருந்தது.

இரண்டு மாதத்தில் எல்லாம் முடித்துச் சொல்லி அனுப்பினேன். பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். அந்த அம்மாள் எழுதியதை நம் பெண் பர்மிய மொழியில் மாற்றி அனுப்பினாள். முகங்கள் மிக அழகாக வந்திருக்கின்றன, நன்றி. கிளைகள் எங்கே?

என்ன கிளை என்று கேட்டேன். போனில் வந்தாள்.

"அமா, அந்தக் கறுப்பெல்லாம் மரக்கிளை. ஊசியிலை மரத்துக் கிளையை ஒடிச்சு சரிவுல போட்டு வெப்பாங்க."

"பூஞ்சைம்மா அது. இருபது வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

"இல்ல அமா. எல்லாம் ஒரே வெள்ளையா இருந்தா மேலேருந்து வர்றவனுக்கு தரை எங்க இருக்குன்னே தெரியாது. கிளையப் பாத்துத்தான் கால ஊனுவான். தூரம் காட்டவும் வரிசையா வெப்பாங்க."

நான் விடவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். அவள் பொறுமையாகப் போனை வைத்துவிட்டு, பிள்ளைகள் பழகும் மேடையில் போன குளிர்காலத்தில் எடுத்த ஒரு படத்தை அனுப்பினாள். வெள்ளைச் சரிவு. அதில் வரிசையாகப் பச்சைக் கிளைகள்.

நான் துடைத்தது அந்த மனிதர்கள் உயிர் பிழைக்க வைத்திருந்த அடையாளத்தை. தாவுகிற படங்கள் எல்லாவற்றிலும் ஆட்கள் எதுவுமே இல்லாத வெள்ளையை நோக்கி விழுந்துகொண்டிருந்தார்கள், என் கைங்கரியத்தால்.

மற்றப் படங்களுக்குத் தகடோ அச்சுப்பிரதியோ இருந்தது, மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். அந்த மரக் கோபுரத்துப் படத்துக்கு மட்டும் எதுவும் இல்லை. ஆல்பத்தோடு ஒட்டிப்போயிருந்ததைப் பிரித்து எடுத்தபோதே அதன் தோல் உரிய ஆரம்பித்து, ஸ்கேன் முடிந்ததும் கையோடு பொடிந்துவிட்டதாம். ஸ்கேன் அந்தப் பொதுப்பெட்டியில் மட்டும்தான் இருந்தது, அதுவும் பழைய கோப்பைச் சில வாரங்கள்தான் வைத்திருக்கும். நான் இரண்டு மாதம் ஓட்டியிருந்தேன். உலகத்திலேயே மிஞ்சியிருந்த ஒரே பிரதி, என் சலவை வேட்டி.

அதில் இறங்குகிறவர் அந்த அம்மாளின் அப்பா. கோபுரம் புயலில் விழுவதற்கு முந்தைய கடைசிப் போட்டி அது. அதுவரை யாரும் தாண்டாத தூரத்தில் கிளைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தான் அந்த வரிசையைத் தாண்டித்தான் இறங்கினேன் என்று அவர் சாகும்வரை சொன்னார். தாண்டவில்லை என்றார்கள் ஊரில் பாதிப்பேர். தாண்டியிருந்தால் மரக் கோபுரத்தின் மிக நீண்ட தாவல் அவருடையது. தாண்டாவிட்டால் முன்பே சாதனை வைத்திருந்த இன்னொருவருடையது. படம் இத்தனை காலம் அவர்கள் வீட்டு ஆல்பத்தில் இருந்தும் சின்ன அளவு, மங்கல், கிளை எது கறை எது என்று யாருக்கும் பிடிபடவில்லை. நான் தெளிவாக்கித் தந்தால் வழக்குத் தீரும் என்று நம்பித்தான் அந்த அம்மாள் அனுப்பியிருக்கிறார். பலகையில் யார் பெயரைப் போடுவது என்பது அந்தக் கிளைவரிசையில் இருந்தது. அதை நான் துடைத்துவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை, அந்தப் படம் இல்லாமலே பலகை வைத்துக்கொள்கிறோம், பன்னிரண்டு நாளில் அச்சுக்குப் போக வேண்டும், நீங்கள் வருத்தப்படாதீர்கள் என்று எழுதினார். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். எண்பது வயது மனுஷி பரவாயில்லை என்று சொன்னது தாங்கவில்லை. "அந்தப் படத்தோடதான் பலகை போகும். பன்னிரண்டு நாளும் எனக்கு வேணும்" என்று எழுதிப் போட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது.

மற்றப் படங்களை நம் பெண் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மறுபடி ஸ்கேன் எடுத்து அனுப்பினாள். கரண்ட் இருந்த நேரமெல்லாம் உட்கார்ந்து அவற்றைப் புதிதாகத் திருத்தினேன். வந்த வாடிக்கையாளர்களைப் பத்து நாள் கழித்து வரச் சொன்னேன். செத்தவர்களுக்கு அவசரம் இல்லை. இந்தத் தடவை அசலைத் தனியே வைத்துக்கொண்டேன். பட்டால்தானே புத்தி வருகிறது.

ஆறாம் நாள்தான் நினைவு வந்தது. மரக் கோபுரத்துப் படத்தைத் தொடுவதற்கு முன்னால், திரையில் இருந்ததை அப்படியே போனில் படம் எடுத்து, "பாரு அக்கா, எவ்வளவு அழுக்கு, இத நான் எப்படி ஆக்குறேன்னு பாரு" என்று பீற்றி அனுப்பியிருந்தேன். என் போனில் அது இல்லை. இடம் இல்லை என்று வாராவாரம் அழித்துவிடுகிறவள் நான். அக்கா எதையும் அழிக்க மாட்டாள். உடனே கூப்பிட்டேன்.

"எனக்கு எங்க தேடறதுன்னு தெரியாதுடி. இங்க நெட்டும் வர்றதில்ல. வேணும்னா நீயே வந்து பாத்துக்க."

மழையில் பஸ் மாறி, பாலம் தாண்டி, கியாக்தானுக்குப் போனேன். ஆற்று நடுவே இருக்கும் பகோடாவுக்குப் படகு ஏறும் துறையில் அக்கா மீனுக்குப் போடும் பொரிப் பொட்டலம் விற்கிறாள். பர்மியரைக் கட்டிக்கொண்டவள். வீட்டில் பேச்சு முழுக்க பர்மிய மொழிதான். தமிழ் என்னோடு சண்டை போடுவதற்கு மட்டும். கீறல் விழுந்த போனைக் கையில் கொடுத்துவிட்டு வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டாள். பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள், பிக்குகளுக்குச் சோறிட்ட படம், கெளுத்தி மீன் வாய் பிளந்த படம் ஆயிரம். ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிக்கொண்டே இருந்தேன். கிடைத்தது.

சாய்வாக எடுத்த படம். திரையின் மேல் அலை அலையாகக் கோடுகள் ஓடின, மூலையில் என் டீக் கோப்பையின் காது தெரிந்தது. ஆனால் புள்ளிகள் எல்லாம் இருந்தன. விரலால் பெரிதாக்கினேன். இந்த ஆறு நாளில் கிளை எது, பூஞ்சை எது என்று எனக்குக் கண் பழகியிருந்தது. சிதறலான புள்ளிகள் நிஜமாகவே கறை. நடுவே ஒரே அளவு இடைவெளி விட்டுச் சரிவுக்குக் குறுக்கே போனது கிளைவரிசை. அந்த மனிதரின் பலகை தரையில் பட்டு, பின்னால் பனித்தூள் கிளம்பியிருந்தது. இறங்கிவிட்டார். வரிசை அவருக்கு முன்னால், இன்னும் கீழே கிடந்தது. ஒரு சறுக்குப்பலகை நீளம் குறை.

திரும்பத் திரும்பப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் குறை.

அக்கா வந்து எட்டிப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்வளவுதானே? அந்தக் கிளைய கொஞ்சம் மேல தள்ளி அவருக்குப் பின்னால வரைஞ்சிரு. இத யாரு பாத்தா? நீயும் நானும் இந்த மீனும்தான்."

"அது பொய் அக்கா."

"ஏண்டி, எண்பது வயசுல ஒரு மனுஷி சந்தோசப்படட்டுமே. அலோன் துறையில மூட்டை தூக்குன நம்ம அப்பாவுக்கு கோட் மாட்டி விட்டவதானே நீ? அது என்ன, உண்மையா?"

சுருக்கென்றது. அப்பா வாழ்நாளில் ஒரு நாள் கோட் போட்டதில்லை. அவர் தோளில் மூட்டை அழுத்திய காய்ப்பு இருந்தது. அதையும் சேர்த்துத்தான் கோட்டுக்குள் மறைத்திருந்தேன். பொரிப் பொட்டலம் கேட்டு இரண்டு பேர் வந்து போனார்கள்.

"அப்பா கோட் போட்டதால வேற யாரோட கோட்டும் அவுந்து போகல அக்கா. இதுல இன்னொருத்தரு இருக்காரு. தூரமாத் தாவினவரு. இவர ஏத்தினா அவர இறக்கணும். அவருக்கும் எங்கயோ ஒரு மக இருப்பா."

"அப்ப அந்தம்மாகிட்ட போயி உங்கப்பா பொய் சொன்னாருன்னு சொல்லப் போறியா?"

"குறையா இறங்கினாருன்னு சொல்லப் போறேன்."

"உனக்கு நெஞ்சழுத்தம்டி" என்றாள். பிறகு பஸ்ஸில் தின்னச் சொல்லி வாழைப்பழம் கொடுத்து அனுப்பினாள்.

மிச்சம் ஆறு நாள். போன் படத்தின் சாய்வை நிமிர்த்தி, என் சலவை வேட்டியின் மேல் கண்ணாடித்தாள்போல் வைத்தேன். கோபுரத்தின் நாலு மூலையும் ஓரத்து மரங்களும் பொருந்தும்வரை இழுத்துச் சரிசெய்வதற்கே இரண்டு நாள். பிறகு ஒவ்வொரு கிளையாக வரைந்தேன். போன் படத்தில் எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுதான். அழகுக்கு ஓர் இலைகூடச் சேர்க்கவில்லை. அதே போட்டியில் எடுத்த வேறு படம் ஒன்றில், வரிசையின் முனையில் ஒரு முறிந்த மரம் நின்றது. இந்தப் படத்திலும் அதே மரத்தடியில்தான் வரிசை முடிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு எஞ்சியிருந்த சந்தேகமும் போயிற்று. நடுவில் கை இரண்டு முறை தானாக அந்த வரிசையை மேலே நகர்த்தப் பார்த்தது. பழக்க தோஷம். கையை எடுத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

பதினோராம் நாள் விடிகாலை கரண்ட் வந்ததும் அனுப்பினேன். கூடவே கடிதம். எதையும் மறைத்து எழுத எனக்கு வரவில்லை. கிளைகளை அழுக்கென்று துடைத்தது என் தவறு. இவை நான் மறுபடி வரைந்தவை, இந்த மங்கலான போன் படத்தைப் பார்த்து. அதையும் இணைத்திருக்கிறேன், நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா வரிசைக்கு முன்னாலேயே இறங்கியிருக்கிறார். ஒரு பலகை நீளம். மன்னியுங்கள்.

அன்று முழுக்கப் பதில் இல்லை. மறுநாளும் மத்தியானம்வரை இல்லை. அச்சுக்குப் போக வேண்டிய நாள் அதுதான். நெஞ்சழுத்தக்காரி என்று அக்கா சொன்னது சரிதான், ஆனால் அன்று அந்த நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. அந்த அம்மாள் அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். இந்தப் படமே வேண்டாம் என்று எடுத்துவிடுவார் என்றும் நினைத்தேன்.

சாயங்காலம் கடிதம் வந்தது. நம் பெண் அதை ஒரு வரி விடாமல் மாற்றி எழுதியிருந்தாள்.

படத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன், அதனால்தான் தாமதம். உங்களுக்கு ஒன்று தெரியாது. அன்று காலையில் அந்தக் கிளைகளை ஒடித்து வந்து வரிசையாக வைத்தது என் அம்மா. சரிவில் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். தாண்டவில்லை என்று எல்லோர் முன்னாலும் முதலில் சொன்னதும் அவள்தான். அப்பா அதை மன்னிக்கவே இல்லை. நான் அப்பா பக்கம். அவள் சாகும்வரை அந்த வீட்டில் அவளை நாங்கள் பொய்க்காரி என்றுதான் கூப்பிட்டோம், விளையாட்டாக. அவள் ஒரு நாளும் பதில் பேசியதில்லை.

அதற்குக் கீழே, பலகையில் படத்துக்கு அடியில் போடுவதற்காக அச்சகத்துக்கு அவர் அனுப்பிவிட்ட வாசகம் இருந்தது. இறங்குகிறவர் என் அப்பா. கிளைகளை வைத்தவர் என் அம்மா. அம்மா சொன்னதுதான் சரி.